எண்பத்து நாலு கோட்டுக் கைகள்

என் அத்தான் ஆஸ்பத்திரி டெய்லர். ஆஸ்பத்திரிக்கு எதற்கு டெய்லர் என்று கேட்பவர்கள் ஒரு நாளாவது அங்கே படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். விரிக்கிற துணி, போர்த்துகிற துணி, ஆபரேஷன் மேஜையில் நடுவில் ஓட்டை போட்டு மூடுகிற பச்சைத் துணி, முதுகுப் பக்கம் காற்று வாங்குகிற நோயாளி அங்கி, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, இதெல்லாம் வானத்திலிருந்து விழுவதில்லை. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மோட்டார் மிஷின் முன்னால் உட்கார்ந்து அத்தனையையும் அவர்தான் தைத்தார்.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். எதைத் தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்ச் துணியைக் கூடுதலாக மடித்து விடுவார். "நாளைக்கே ஆள் பெருத்துட்டா?" என்பார். பிணவறைக்குப் போகிற துணியிலும் அரை இஞ்ச் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "பழக்கம்" என்றார்.

அவருடைய சுவருக்கு இந்தப் பக்கம் சலவைப் பிரிவு. அங்கே கவுன்டரில் நான். அழுக்குத் துணியை எண்ணி வாங்குவேன், வெளுத்ததை எண்ணிக் கொடுப்பேன். அவருடைய மனைவி என் அக்கா. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அத்தான்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, அக்காதான் வாரம் ஒரு முறை சொல்லிக் காட்டுவாள்.

அத்தானிடம் ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது. கண் டாக்டர் தன் நாய்க்கு மழைக்கோட்டு கேட்டார், தைத்தார். பல் டாக்டர் கோட்டுக்குள் ரொட்டி வைக்க ரகசியப் பை கேட்டார், தைத்தார். "உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் உருகி ஓடிவிடுவார். அக்கா சொல்வாள்: "உங்க அத்தானுக்கு ஊர்க்காரங்ககிட்ட மட்டும் முடியாதுங்கற வார்த்தை வாயில வராது. ஒரு திரைச்சீலை தைச்சுக் குடுங்கன்னு நான் கேட்டா சரளமா வரும்."

எனக்கு நேர்மாறான வியாதி. முடியாது என்பதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வராது. கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. கோட்டு, அங்கி, உறை, விரிப்பு என்று மொத்தம் இருபத்து மூன்று உருப்படிகள். அதில் இல்லாததை வாங்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிர்வாக அதிகாரி வீட்டு ஜன்னல் திரையை வாங்கி வெளுத்துக் கொடுத்துவிட்டு, "இதை எந்த வரிசையில எழுதுன?" என்று மேலிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்க, வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். சூடு பட்டவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

கதை கிருமி டாக்டரம்மாவிடம் ஆரம்பிக்கிறது. மூன்றாம் மாடி ஆய்வகத்தில் இருப்பவர். ஆள் குள்ளம், குரல் உயரம். அறுவை சிகிச்சை வார்டில் காயங்கள் சீழ் பிடிக்கின்றனவே என்று அவர் ஒரு நாள் காலை பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வராந்தாவில் நின்றுகொண்டார். போகிற வருகிற டாக்டர்களையெல்லாம் நிறுத்திக் கோட்டைத் தடவினார். கழுத்து, பை, கையின் நுனி. தடவியதைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, கூட்டத்தில் மேஜை மேல் பரப்பினார். கைநுனித் தட்டுகள்தான் மோசம். வார்டுக்கே தலைமையான பெரிய டாக்டரின் தட்டில் ஒரு குட்டித் தோட்டமே போட்டிருந்ததாம். படுக்கையில் குனிகிறபோது முதலில் நோயாளியைத் தொடுவது டாக்டரின் விரல் இல்லை, கோட்டின் கைநுனிதான் என்றார் அவர்.

சுற்றறிக்கை வந்தது. முழங்கைக்குக் கீழே துணி கூடாது, கடிகாரம் கூடாது, மோதிரம் கூடாது. அத்தான் பதினோரு நாளில் நாற்பத்திரண்டு டாக்டர்களின் கோட்டுகளை, ஆளுக்கு மூன்று, முழங்கையோடு வெட்டி மடித்துத் தைத்தார். வெட்டிய கைகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மூட்டை கட்டி மிஷினுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

டாக்டர்கள் இடிந்துபோனார்கள். முழுக்கை போனதும் மரியாதை போய்விட்டதாம். பெரிய டாக்டரை ஒரு நோயாளி, "தம்பி, அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். இன்னொரு கிழவர் முடி வெட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்து காட்டினார். பெரிய டாக்டர் நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். அந்த மனிதர் தரைத்தளத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"ஏதாவது பண்ணுங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?"

முடிந்தது கதை.  மறுநாள் அத்தான் மூட்டையிலிருந்து இரண்டு கைகளை எடுத்தார். மேல் விளிம்பில் நான்கு பட்டன் ஓட்டை போட்டார். கோட்டின் முழங்கையில் உள்பக்கமாக நான்கு பட்டன் வைத்தார். மாட்டினால் முழுக்கை, கழற்றினால் அரைக்கை. வராந்தாவில் நடக்கும்போது மாட்டிக்கொள்ளலாம், நோயாளிப் படுக்கைக்கு வந்ததும் கழற்றிவிடலாம். சுற்றறிக்கைக்கும் பங்கமில்லை, மரியாதைக்கும் பங்கமில்லை.

"எப்படி மச்சான்?" என்று என்னிடம் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும், "பிரமாதம் அத்தான்" என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரே மாதத்தில் நாற்பத்திரண்டு டாக்டர்களிடமும் கழற்றும் கை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு ஜோடி. மூன்று கோட்டுக்கும் அதே ஜோடி பொருந்தும். இடது, வலது என்று சிவப்பு நூலில் அடையாளம் போட்டார், ஆனாலும் காது மூக்கு டாக்டர் இரண்டு இடது கைகளோடு ஒரு வாரம் திரிந்தார். பெரிய டாக்டர் மட்டும் தன் பட்டங்களை நீல நூலில் கைநுனியில் தைத்துத் தரச் சொன்னார். இடது கையில் உள்நாட்டுப் பட்டங்கள், வலது கையில் வெளிநாட்டுப் பட்டங்கள்.

பிறகு அந்தக் கைகள் அழுக்காயின. என்னிடம் வந்தன.

"கோட்டு எங்க?" என்றேன்.

"கோட்டு சுத்தமா இருக்கு. கை மட்டும்தான்" என்றார் வார்டு ஆயா.

"பட்டியல்ல கை இல்ல. முடியாது."

அவர் போய்ப் பெரிய சிஸ்டரைக் கூட்டி வந்தார். வார்டின் தலைமை நர்ஸ். அவர் கண்ணை உருட்டினால் டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். நான் ஒதுங்கவில்லை. முழுக் கோட்டை வாங்க எனக்கு அதிகாரம் உண்டு, கோட்டின் துண்டை வாங்க அதிகாரம் இல்லை என்று சொன்னேன். வேண்டுமானால் எழுதிக் கேட்கிறேன் என்று பண்டக அலுவலகத்துக்கு எழுதினேன். அங்கேயிருந்து பதில் வந்தது: ஒரு கை ஒரு உருப்படியா, ஒரு ஜோடி ஒரு உருப்படியா? கை தொலைந்தால் கோட்டு தொலைந்ததாகக் கொள்ளலாமா? நான் நிர்வாகத்துக்கு அனுப்பினேன். நிர்வாகம் ஒரு துணைக்குழு போட்டது. துணைக்குழு மாதிரிக்கு ஒரு ஜோடி கை கேட்டது. கொடுத்த ஜோடியைத் தொலைத்துவிட்டது. அத்தான் வேறு ஜோடி தைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைக்கலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரித் துணி வாசலைத் தாண்டக் கூடாது, அது இன்னொரு சுற்றறிக்கை. ஒரு டாக்டரின் பையிலிருந்து வாசல் காவலர் கையைக் கையும் களவுமாகப் பிடித்து எழுதி வாங்கிவிட்டார். சிலர் சென்ட் அடித்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் அந்தக் கைகளின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் படவில்லை. ஐந்து மாதமும் என் மேஜையில் கடிதங்கள் ஒழுங்காக அடுக்கி இருந்தன, எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்குச் சர்க்கரை வேறு. கிருமி டாக்டரம்மா அத்தானைப் படியில் நிறுத்திச் சொன்னார்: "ஆபரேஷன் கவலையே இல்ல. காயம் ஆறணும், அதுதான் விஷயம். சர்க்கரை இருக்கறவங்களுக்குச் சின்னதா ஒண்ணு உள்ள போனாலும் சிக்கல்தான். சுத்தமாப் பாத்துக்குங்க."

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பெரிய டாக்டர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் காலை நானும் அத்தானும் ஏழாம் நம்பர் படுக்கைப் பக்கத்தில் நின்றிருந்தோம். டாக்டர்கள் சுற்றி வரும் நேரம். முன்னால் பெரிய டாக்டர், பின்னால் ஏழு பேர், எல்லோரும் முழுக்கையில் கம்பீரமாக வந்தார்கள். அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

படுக்கைக்கு வந்ததும் எட்டுப் பேரும் நின்று, சுற்றறிக்கையை மதித்து, பட்டன்களை அவிழ்த்துக் கைகளைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகு அவற்றை எங்கே வைப்பது? அதை யாருமே யோசித்திருக்கவில்லை, தைத்தவர் உட்பட. பைகள் நிறையக் கருவிகள். மேஜையில் மருந்துத் தட்டு. பெரிய டாக்டர் தன் இரண்டு கைகளையும் அக்காவின் படுக்கை மேல் வைத்தார். அவர் வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள் அல்லவா? பதினாறு கைகள் அக்காவின் தொடையிலிருந்து இடுப்பு வரைக்கும் குவிந்தன. ஒன்று மட்டும் சறுக்கி, திறந்து வைத்திருந்த கட்டுக்குப் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டது. அழுக்கேறிய காலர் ஓரத்து நிறம் தெரியுமே, அந்த நிறத்தில் இருந்தது அது.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க, இவங்க எதுக்கு என் மேல துணி காயப்போடறாங்க?"

 பெரிய டாக்டர் காயத்தை அழுத்திப் பார்த்தார், "குட்" என்றார், எல்லோரும் கைகளைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு எட்டாம் நம்பருக்குப் போனார்கள். அங்கே மறுபடி கழற்றினார்கள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு படுக்கையாகக் கழற்றுவதையும் குவிப்பதையும் மாட்டுவதையும் வார்டு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் பதின்மூன்று படுக்கை.

ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். தையலின் ஒரு ஓரம் சிவந்து பிரிந்திருந்தது. கிருமி டாக்டரம்மா வந்து பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துக்கொண்டு, வெளியே வந்ததும் சொன்னார்: "காயம் ஒரு ஓரத்துல வாய் விட்டிருக்கு. பெருசா இல்ல, ஒரு அரை இஞ்ச் இருக்கும்."

அத்தானுக்குத் தன் பட்டப்பெயர் காதில் விழுந்தது. அந்த அம்மா அதை நினைத்துச் சொல்லவில்லை.

"இதுக்கு... அந்தக் கைதான் காரணமா டாக்டர்?"

"அதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எப்படி வேணா வரலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், போன மாசம் அந்தக் கைகளையும் தடவி வளர்த்தேன். கோட்டோட இருந்ததைவிட மோசம். எழுதிக் குடுத்தேன். துணைக்குழு பார்த்துக்கிட்டிருக்காம்."

தரைத்தளத்துக்கு இறங்கி வந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம். பதினெட்டு வருஷத்தில் முதல் சண்டை.

"நீ ஒரு தடவை வாங்கித் துவைச்சிருந்தா என்னடா?" டா போட்டதும் முதல் தடவை.

"நீங்க தைக்காம இருந்திருந்தா நான் எதுக்கு வாங்கணும்? கேட்டவங்களுக்கெல்லாம் தைப்பீங்களா? நாளைக்கு வால் கேட்டா வாலும் தைப்பீங்களா?"

"பட்டியல், பட்டியல்! உங்க அக்காடா அங்க கெடக்கறது!"

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அம்மா இல்லை, அக்காதான் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினாள். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? அந்தப் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான்.

அத்தான் தன் அறைக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.  பிறகு எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். நான்காவது வரிசையில் விரல் நின்றது.

மறுநாள் காலை எட்டரைக்கு வராந்தாவில் ஒரு கூடையோடு நின்றார். "புதுசா நல்ல பட்டன் ஓட்டைத் தையல் ஒண்ணு கத்துக்கிட்டு வந்திருக்கேன் டாக்டர். கையைக் குடுங்க, சரி பண்ணித் தரேன்" என்றார். டாக்டர்கள் ஆசையாகக் கழற்றிப் போட்டார்கள். செய்தி பரவி மற்ற மாடிகளிலிருந்தும் வந்தன. எங்கே தனக்கு மட்டும் பழைய தையலாகிவிடுமோ என்ற பயத்தில் காது மூக்கு டாக்டர் தானே ஓடி வந்து கொடுத்தார். பத்து மணிக்குக் கூடையில் எண்பத்து நாலு கைகள்.

கதவைச் சாத்திக்கொண்டார். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கையின் பக்கத் தையலையும் பிரித்து விரித்தார். விரித்த துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு பெரிய மூட்டையைக் கொண்டு வந்து என் கவுன்டரில் வைத்தார். குரல் கணீரென்று இருந்தது.

"படுக்கை விரிப்பு. நாலாவது உருப்படி. ரெண்டு. எழுதிக்க."

பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஆறு துண்டுக்கு ஏழு துண்டு, அச்சு அசலாக விரிப்பின் அளவு. குறுக்கும் நெடுக்கும் பட்டன் ஓட்டைகள், இடது வலது என்று சிவப்பு நூல் எழுத்துகள். ஒன்றின் கால்மாட்டில் பெரிய டாக்டரின் பட்டங்கள் நீல நூலில் வரிசையாக. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கேட்காமல் பேனாவை எடுத்தேன். 'விரிப்பு - 2' என்று எழுதினேன். இருக்கிற மிஷின்களிலேயே அதிகச் சூட்டில் போட்டேன். திருப்தி வராமல் இன்னொரு தடவை போட்டேன். விதிப்படி ஒரு தடவைதான்.

காலையில் வெளுத்த துணிக் கட்டோடு நானே வார்டுக்குப் போனேன். பெரிய சிஸ்டர் விரிப்பைப் பிரித்தார், சிவப்பு எழுத்துகளைப் படித்தார், என்னைப் பார்த்தார். கண்ணை உருட்டவில்லை. ஒன்றை எட்டாம் நம்பரில் போட்டார். பட்டங்கள் உள்ளதை அக்காவுக்கு விரித்தார்.

ஒன்பது மணிக்கு, அத்தானும் நானும் அக்கா பக்கத்தில் நின்றிருக்க, டாக்டர்கள் வந்தார்கள். அரைக்கையில், அரைகுறையாய் உடுத்தி வந்தவர்கள்போலக் கூசிக் கூசி வந்தார்கள். பெரிய டாக்டர் அக்காவின் கால்மாட்டில் வந்து நின்றார். தன் பட்டங்களைப் பார்த்தார். அவற்றின் மேல் அக்காவின் குதிகால் இருந்தது.

"டெய்லர்!" என்றார். "இது என்ன?"

"விரிப்பு டாக்டர்."

"என் கை எங்க?"

"இதுலதான் எங்கயாவது இருக்கும்."

"பிரிங்க. இன்னிக்கே பிரிச்சு மறுபடி தைச்சுக் குடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய மந்திரத்தைப் போட்டார். "உங்களை விட்டா யாரு இருக்கா?"

 நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"முடியாது டாக்டர்" என்றார் அத்தான். "விரிப்பு பட்டியல்ல இருக்கு. நேத்தே பதிவாயிடுச்சு. பதிவான உருப்படியைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

 பெரிய டாக்டருக்கு முகம் சிவந்தது. கழற்றவும் ஒன்றுமில்லை, மாட்டவும் ஒன்றுமில்லை. தன் வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, வார்டு ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். பின்னால் ஏழு பேரும் வரிசையில் நின்று கழுவினார்கள். அந்தத் தொட்டிக்கு அப்படி ஒரு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, ஈரம் உலர்ந்த கையோடு அக்காவின் கட்டைப் பிரித்தார்.

மருந்தும் வேலை செய்தது. காய்ச்சல் இறங்க நான்கு நாள், அந்த ஓரம் மூட மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் அத்தான் வந்து, "எவ்வளவு?" என்று கேட்பார். கால் இஞ்ச் என்றார்கள், ஒரு நூல் என்றார்கள், ஒரு நாள் மூடிவிட்டது என்றார்கள். அன்றைக்கு அவர் தையல் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து யாராவது 'அரை இஞ்ச்' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தையலில் மட்டும் இன்னமும் விடுகிறார்.

அக்கா வீட்டுக்குப் போன பத்தாம் நாள் துணைக்குழுவின் முடிவு வந்தது. கழற்றும் கை ஒரு ஜோடி ஒரு உருப்படியாகக் கொள்ளப்படும். வரிசை எண் இருபத்து நான்கு. உடனே சலவைக்கு ஏற்றுக்கொள்ளவும். அதற்குள் டாக்டர்களிடம் கழற்றும் கை ஒன்றுகூட இல்லை.

விதிப்படி எல்லா வரிசையையும் தினமும் நிரப்ப வேண்டும். இருபத்து நான்காவது கட்டத்தில் தினமும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு ஆயாவிடம் சொல்லாமல், அந்த முதல் ஜோடியை வாங்கிப் போட்டிருந்தால் என் அக்கா அந்த மூன்று வாரம் படுத்திருக்க வேண்டாமோ என்று தினமும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் அக்கா கவுன்டருக்கு வந்தாள். கையில் ஒரு ஜன்னல் திரை, அத்தான் தைத்துக் கொடுத்தது. "இதையும் ஒரு தடவை போட்டுக் குடேன்" என்றாள். நான் பட்டியலைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.